காற்றுப் புகாத வீட்டில் கணபதி ஹோமம்

நாங்கள் வீடு கட்டிய கதையை யார் கேட்டாலும் நான் பாதியோடு நிறுத்திவிடுவேன். மீதியைச் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் இல்லாதபோது சொன்னால்கூடப் பரவாயில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் தட்டில் வடையை வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாட்டின் உயரம் வேறு கூடிக்கொண்டே போகிறது. அதனால் இந்த ஒருமுறை நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் ஒரு அலுவலகத்தில் காலம் முழுக்கக் கோப்பு தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். என் கணவருக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. ஓய்வுக்காலத்துக்குத் திருத்தணிப் பக்கமே போய்விடலாம் என்று கே.ஜி.கண்டிகையில் ஒரு மனை வாங்கினோம். அதில் செங்கல் வீடு கட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. கெட்ட நேரம், நான் ஒரு வீடியோ பார்த்துவிட்டேன். ஏதோ ஒரு குளிர்நாட்டில் என் வயதுத் தம்பதியர், சாக்லேட் டப்பா ஒட்டுவதுபோலப் பலகைகளை ஒட்டித் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிமெண்ட் பலகை, நடுவில் தெர்மாகோல் மாதிரி கெட்டியான நுரை. அதற்கு சாண்ட்விச் பேனல் என்று பெயர். வெயில் உள்ளே வராது, சத்தம் வராது, காற்றுகூடக் கசியாது. திருத்தணி வெயிலில் ஒரு கோடை இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த மூன்றில் முதலாவதுக்கே சொத்தை எழுதி வைக்கலாம்.

என் கணவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். (அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.) நான் பேனலுக்குச் சொல்லிவிட்டேன்.

லாரியில் பேனல்கள் வந்து இறங்கின. சுவர்களையும் கூரையையும் நிறுத்த ஆட்கள் வந்தார்கள். ஆனால் இணைப்புகளை அடைக்கும் வேலையை யாருக்கும் விட்டுத்தரவில்லை. நுரை பீய்ச்சும் டப்பாவைக் கையில் பிடித்தபடி வீடு முழுக்க அலைந்தேன். பீய்ச்சினால் நுரை பொங்கி, இடுக்கை நிரப்பி, கல்லாய் இறுகிவிடும். அதைப் பார்ப்பதில் ஒரு போதையே வந்துவிட்டது. இடுக்கு கிடைக்காத அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் நாத்தனார் சரஸ்வதி அண்ணி, கணவருக்கு அக்கா, ஒருநாள் பார்க்க வந்தார். வாசலில் நின்று சுவரை விரலால் தட்டினார். டொக் டொக் என்றது.

“இன்னா சகுந்தலா, ஊடு கட்ட சொன்னா பொட்டி கட்டி வெச்சிக்கிற?” என்றார்.

இந்தப் பெட்டிக்குள் ஒரு எறும்பு நுழைந்து காட்டட்டும், அப்புறம் பேசலாம் என்று பதில் சொன்னேன். எவ்வளவு பெருமை எனக்கு!

கிரகப்பிரவேச முகூர்த்தம் நெருங்கியது. ஜன்னல்களும் பின்கதவும் செய்து தருவதாகச் சொன்னவர் தினமும் “நாளைக்கு” என்றார். முகூர்த்தத்துக்கு முந்தின நாளும் அதையேதான் சொன்னார். முன்கதவு ஒன்றுதான் வந்திருந்தது. பத்திரிகை கொடுத்தாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று, என்ன செய்வது? வெட்டி மிச்சமான பேனல் துண்டுகளை எடுத்தேன். ஜன்னல் ஓட்டைகளையும் பின்வாசலையும் அவற்றால் மூடி, சுற்றிலும் நுரை பீய்ச்சினேன். கச்சிதமாக நின்றது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் கூடம் நிறைய உறவினர்கள். தனம் என்கிற பக்கத்துத் தெருக்காரர் தன் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்தார். கன்று படியேற மறுத்ததால் அதை வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டுத் தனமும் அங்கேயே நின்றுகொண்டார். பசு மட்டும் லட்சணமாக உள்ளே வந்தது. வலம் வந்ததும் அனுப்பிவிடலாம் என்று ஐயர் சொன்னார். பழைய அலுவலகத் தோழிகளுக்கு அனுப்ப மாட்டோடு படம் எடுக்க வேண்டும் என்பதால், ஹோமம் முடியும்வரை பின்னறையில் நிற்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அகத்திக்கீரையைப் போட்டு நிறுத்தினோம்.

அடுத்த பிரச்சினை குரங்கு. எங்கள் ஊரில் வாழைப்பழத் தாரை வெளியே வைத்தால் அது நம்முடையது இல்லை. எனவே பழம், தேங்காய் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தினோம். அண்ணியின் வீட்டுக்காரரை, குடும்பமே பாவா என்று கூப்பிடும் மனிதரை, கையில் கழியோடு வெளியே காவல் வைத்தோம். அவர் பொறுப்பானவர். குரங்கு கதவை இழுத்துவிடுமே என்று வெளித்தாழ்ப்பாளையும் போட்டுவிட்டார். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நாதஸ்வரம் பாடும் ஸ்பீக்கர் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஹோமம் தொடங்கியது. முந்தின வாரம் மழை. சமித்துக் குச்சிகள் ஈரம். நெய் விட விட நெருப்பைவிடப் புகை உற்சாகமாக எழுந்தது. முதலில் நல்ல சகுனம் என்றார்கள். பிறகு சிலர் இருமினார்கள். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த சித்தப்பாவைக் காணவில்லை. அங்கேதான் இருந்தார், தெரியவில்லை. என் கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர். புதுவீடு கண்ட ஆனந்தம் என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். இருமலுக்கு நடுவே சாந்தமாகத்தான் கேட்டார்.

“அம்மா, இந்த ஆத்துக்கு ஜன்னல் எங்கே?”

அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டின் ஒவ்வொரு இடுக்கையும் என் கையால் அடைத்திருக்கிறேன். புகைக்குப் போகவேண்டும் என்று ஆசை இருந்தாலும் வழி கிடையாது. தர்ப்பை மோதிரத்தோடு எழுந்து ஓடிக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தட்டினேன், குத்தினேன், கத்தினேன். நாலு பேர் சேர்ந்து கத்தினோம். வெளியே ஒரு சலனமும் இல்லை. சத்தம் வராத வீடு என்றால் வெளியேயும் போகாது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

பாவாவுக்குப் போன் போடுங்கள் என்றார் கணவர். போட்டோம். அண்ணியின் பைக்குள் மணி அடித்தது. வேட்டி கட்டியிருந்ததால் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். பின்னால் நின்ற தனத்தின் நம்பர் யாரிடமும் இல்லை. ஒருவர் ஜன்னல் துண்டை உடைக்கப் போனார். குத்துவிளக்கால் இடித்தும் பெயரவில்லை. அவ்வளவு நுரை.

எல்லோரும் தரையோடு உட்காருங்கள் என்று ஐயர் சொன்னார். உட்கார்ந்தோம். அப்போதுதான் அண்ணியைப் பார்த்தேன். அவருக்குக் கொஞ்சம் இழுப்பு உண்டு. முந்தானையை வாயில் பொத்தியபடி சுவரில் சாய்ந்திருந்தார். பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அவர் கையைப் பிடித்தேன், ஜில்லென்று இருந்தது. அதற்கு மேல் எனக்கு வீடு, முகூர்த்தம், மானம் எதுவும் நினைவில் இல்லை. சாவதற்கு ஒரு பெட்டியைக் கட்டி, அதற்குள் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு வைத்திருக்கிறேனே என்று மட்டும் ஓடியது.

அப்போது பின்னறையில் பெருமூச்சு போல ஒரு சத்தம். அகத்திக்கீரை தீர்ந்திருக்கும், புகை மூக்கில் ஏறியிருக்கும். சுவருக்கு அந்தப்பக்கம் கன்று இருப்பது அதற்குத் தெரியும். பசு தலையைக் குனிந்து, நான் அடைத்த பின்வாசல் துண்டில் நெற்றியை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தியது. ஜன்னலுக்குக் கொடுத்த அளவு நுரையைப் பின்வாசலுக்கும் கொடுக்குமுன் டப்பா தீர்ந்துபோயிருந்தது, நல்லவேளை. துண்டு அப்படியே வெளியே சாய்ந்தது. பசு அதன்மேல் நிதானமாக நடந்து இறங்கியது. பின்னாலேயே வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்தன. பட்டுப்புடவையும் வேட்டியுமாக எங்கள் குலமே அந்தப் பசுவின் வாலைத் தொடர்ந்து வெளியேறியது. நான் அண்ணியைத் தோளில் தாங்கி இழுத்து வந்தேன்.

வாசல் பக்கம் போனால் பாவா தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மாடு, கன்று, கண் சிவந்த உறவினர்கள் எல்லோரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு வருவதைப் பார்த்து ஸ்பீக்கரை நிறுத்தினார்.

“இன்னா, எல்லாரும் பின்னாலேர்ந்து வந்துகினு இருக்கீங்க? பூஜை முடிஞ்சிட்சா?”

எல்லோரும் இருமியபடி அவரைத் தாண்டிப் போனார்கள்.

அண்ணியைப் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மெல்ல மூச்சு சீரானது. நான் திட்டுக்குத் தயாரானேன். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் சத்தியமே செய்துவிட்டேன். அவர் முகத்தைத் துடைத்தார். பின்வாசல் வழியாக இன்னும் புகை கக்கிக்கொண்டிருந்த வீட்டைப் பார்த்தார்.

“ஊடு நல்லாத்தான் கட்டிக்கிற சகுந்தலா,” என்றார். “மனுசங்க மட்டும்தான் உள்ள இருக்க முடியாது.”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இருமலும் சிரிப்புமாக அவர் என் தோளில் சாய்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முறை நிஜ அழுகை. உள்ளே ஐயர் முகத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு தனியாகப் பூர்ணாஹுதி கொடுத்து முடித்தார்.

அப்புறம் ஜன்னல்கள் வந்தன, தேவைக்கு மேலேயே வைத்தோம். சித்திரை வெயிலில் அண்ணி மாதக்கணக்கில் எங்களோடுதான் இருக்கிறார். ஃபேன் இல்லாமலே தூக்கம் வருகிறதாம். பின்வாசலுக்கு எங்கள் வீட்டில் மாட்டுவாசல் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

போன மாதம் என் மகன் சென்னையில் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஐயர் கற்பூரத்தைப் பற்றவைத்ததுதான் தாமதம். ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் குடும்பம் மொத்தமும் எழுந்து, ஆளுக்கொரு ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தது. சம்பந்தி வீட்டார் விழித்தார்கள். அண்ணி வாசல் கதவை விரியத் திறந்து, அதன் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பாவா, காற்றாட வெளியே நிற்கிறேன் என்று எழுந்தார். அண்ணி அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் உட்காரவைத்தார்.