மினுங்கிய முதல் வாரம்

முதல் வாரத்து வெற்றியாளர் என்றொரு இனம் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். எதையும் தொடங்கிய ஏழாம் நாளே பேனர் அடித்துவிடுவார். எட்டாம் நாள் என்ன ஆயிற்று என்று கேட்டால் மட்டும் அவருக்கு முகம் சிவந்துவிடும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி ஒருவர் இருக்கிறார். பேராசிரியர் சிவசங்கர். பச்சைப் பாசிக்குள் வேறோர் உயிரின் மரபணுவைச் செலுத்தி, நீல விளக்கின் கீழ் அதை மினுங்க வைத்தார். வைத்தார் என்றா சொன்னேன்? வைத்தது அவருடைய ஆய்வு மாணவி நௌஷீன். அவர் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் துறை வாசலில் ஏறியது, காலண்டரில் ஏறியது, தியாகதுருகம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் கையில் வலுக்கட்டாயமாக ஏறியது, வெள்ளிமலையில் தினை வாங்கப் போன இடத்தில் கடைக்காரரும் தப்பவில்லை.

பாசி தப்பித்தது. நாலாவது வாரம் அது மினுங்கவில்லை. வந்த மரபணுவை வெளியே தள்ளவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. இறுக்கிச் சுருட்டி, வாயை மட்டும் அடைத்து உள்ளேயே வைத்துக்கொண்டது. ஏன், எப்படி என்று நௌஷீன் மூன்று வருடம் தேடி எழுதினாள். அவளுடைய ஆய்வேட்டில் உருப்படியான அத்தியாயம் அது ஒன்றுதான்.

"ஜீன் உள்ள இருக்குதா, இல்லியா?" என்றார் சிவசங்கர்.

"இருக்குதுங்க சார். ஆனா வேலை செய்யல. பாசியே அத்த அடக்கி வச்சிக்கினு இருக்குது."

"இருக்குதுல்ல? அப்புறம் இன்னாம்மா? இந்த சாப்டர தூக்கிடு. இல்லாங்காட்டி நான் கையெழுத்து போட மாட்டேன்."

தூக்கினாள். வேறென்ன செய்வாள்? கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை.

வாய்மொழித் தேர்வன்று வெளியூர்த் தேர்வாளர், "எத்தனை நாள் மினுங்கும்?" என்று கேட்டுவிட்டார். துணிக்கடையை அடைத்துவிட்டு வந்த நௌஷீனின் தகப்பனார் கலீலுல்லா, புதுச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிவசங்கர் கனைத்தார். நௌஷீன் தன் விரல்களைப் பார்த்தபடி, "நல்லாவே மினுங்குதுங்க சார்" என்றாள். அரங்கம் கை தட்டியது. அதே துறையில் வேலை பார்க்கும், விஷயம் தெரிந்த எனக்கு வயிறு எரிந்தது. நானும் தட்டினேன்.

உங்களுக்கும் எரிகிறதா? நல்லது. உங்களிடம் வேலை பார்க்கும் யாராவது, "இது சரியா வரலீங்க" என்று கடைசியாக எப்போது சொன்னார்கள்? ஒருவரும் சொன்னதே இல்லையா? அப்படியானால் எல்லாம் சரியாக நடக்கிறது என்றே நம்பிக்கொண்டிருங்கள். சிவசங்கரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.