ஓடையில் கிடைத்த தாடை

கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் காலத்தில் ஓர் ஆண்பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்பக்கூடாது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டுக்காரர் தனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும் என்று சொல்லித்தான் கல்யாணம் செய்தார். (இன்றைக்கும் அவருக்கு முட்டை உடைத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.) அதோடு ஒப்பிட்டால் நான் சொன்ன பொய் மிகச் சின்னது. எனக்குக் கூடாரம் அடிக்கத் தெரியும் என்று சொன்னேன், அவ்வளவுதான்.

சொன்ன இடம்தான் பிழையாகிவிட்டது. கொச்சிக்கடையில் ஷெரினின் வீட்டு முன்னறையில், அவளுடைய அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

ஷெரினும் நானும் பம்பலப்பிட்டியில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தோம். அவள் கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் சைவம். அப்பா காலமான பிறகு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா இந்தக் கல்யாணத்துக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஷெரினின் பெயரைச் சொன்னால் உடனே எழுந்துபோய் அடுப்பைத் துடைப்பார். அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு மினுங்கியதுபோல் அதற்கு முன்னும் மினுங்கியதில்லை, பின்னும் மினுங்கியதில்லை.

ஷெரினின் அப்பா சேவியர் அங்கிள் துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நேராக நிமிர்ந்து நடப்பார். ஒழுங்காக வாரிய தலை, மடிப்புக் கலையாத சேர்ட், சிரித்தால் வரிசையான வெள்ளைப் பற்கள். இளமையில் காடுமேடெல்லாம் சுற்றியவராம். முதல் சந்திப்பிலேயே கேட்டார்.

"தம்பி, நீங்க காம்பிங் எல்லாம் போவீங்களா?"

"ஓம் அங்கிள். அடிக்கடி."

(பாமன்கடையில் சித்தி வீட்டு மொட்டைமாடியில், கரண்ட் இல்லாத ஒரு நாள் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். என்னுடைய முழுக் கானக அனுபவமும் அதுதான்.)

அங்கிளின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஒண்டு செய்வம். ரெண்டு குடும்பமும் ஒருக்கா வெளியில போய்த் தங்குவம். ஒங்கட அம்மாவும் வரட்டும். ஒரு நாள் ஒண்டா இருந்து சாப்பிட்டா மனுசரத் தெரிஞ்சுபோகும். அதுக்குப் பிறகு நான் என்ட முடிவச் சொல்றேன்."

இடத்தையும் அவரே சொன்னார். இரத்தினபுரிப் பக்கத்தில் ஒரு பழைய பூங்கா. மாணிக்கக்கல் தோண்டிய குழிகளில் இருந்து அந்தக் காலத்துக் காண்டாமிருகம், நீர்யானை என்று கல்லாகிப்போன எலும்புகள் வந்த பகுதி. மேலே மலைக்குகையில் ஆதிமனிதர்கள் இருந்திருக்கிறார்கள். கீழே ஓடைக்கரையில் கூடாரம் அடிக்க இடம் விட்டிருக்கிறார்கள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைத் துடைத்த கை நின்றது.

"கலியாணம் பேசிறதெண்டால் ஆக்கள் வீட்டுக்கல்லோ போவினம்? எலும்பு கிடக்கிற இடத்துக்கு ஏனடா போறது?"

ஆனாலும் வந்தார். என்னைத் தனியாக அனுப்பினால் அங்கேயே தாலி கட்டிவிட்டு வந்துவிடுவேன் என்ற பயமாக இருக்கலாம்.

ஷெரினின் அம்மா முழங்கால் வலி என்று வீட்டில் நின்றுவிட்டார். ஆகவே இரவல் வான் வண்டி ஒன்றில் நாங்கள் நாலு பேர். அம்மா பின்சீட்டில் வழியெல்லாம் சாப்பாட்டுப் பாத்திரங்களை அணைத்தபடி வந்தார். நான் புறக்கோட்டையில் புதிதாக வாங்கிய கூடாரத்தைப் பற்றி, பழைய நண்பனைப் பற்றிப் பேசுவதுபோல் பேசிக்கொண்டே ஓட்டினேன்.

போய்ச் சேர்ந்து, சாமான்களை இறக்கி, கூடாரத்தை விரித்தேன். கம்பிகள் இருந்த பையைத் திறந்தேன். உள்ளே இருந்தவை அம்மாவின் யன்னல் சீலைக் கம்பிகள். கூடாரக் கம்பிகள் வெள்ளவத்தையில் கதவுக்குப் பின்னால் பத்திரமாகச் சாய்ந்து நின்றன.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான், "இது புது மொடல் அங்கிள், கம்பி தேவையில்லை" என்று சொல்லிவிட்டுத் துணிக்குள் புகுந்தேன். உள்ளே ஒரே இருட்டு. கையைத் தூக்கினால் துணி, காலை நீட்டினால் துணி. வெளியே அம்மா, "தம்பி, நீ எந்தப் பக்கம் நிக்கிறாய்?" என்று கேட்பது மட்டும் கேட்டது.

கடைசியில் அங்கிள்தான் காப்பாற்றினார். வானில் கிடந்த கயிற்றை எடுத்து இரண்டு மரங்களுக்கு இடையில் கட்டி, துணியை அதன்மேல் போட்டு, மூலைகளைக் கற்களால் இறுக்கினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த நாகரிகம் என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஆனால் பின்னேரம் நன்றாகத்தான் போனது. அம்மாவின் புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் அங்கிள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். துறைமுகத்தில் ஒருமுறை கப்பலில் வந்த வெளிநாட்டுக் கழுதை பாரந்தூக்கியில் தொங்கிக்கொண்டே கத்திய கதையை நடித்துக் காட்டினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஷெரின் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "ஒரு உண்மையான உயிர்ச்சுவட்டை, கல்லாகிப்போன எலும்பு மண்ணுக்குள்ள இருந்து வாறத, என்ட கண்ணால ஒருக்காப் பாக்கணும்" என்றார் அங்கிள். பெண்கள் கூடாரத்துக்குள்ளும், அங்கிளும் நானும் வானுக்குள்ளும் படுத்தோம். கல்யாணம் நிச்சயம் என்ற நினைப்போடு தூங்கினேன்.

விடிந்தது. அங்கிள் முகம் கழுவ ஓடைக்குப் போனார். திரும்பி வந்தவர் வேறு மனிதர்.

"குட் மோர்னிங் அங்கிள்" என்றேன். தலையை ஆட்டினார். "நித்திரை வந்ததா?" தலையை ஆட்டினார். உதடுகள் தபால் உறைபோல ஒட்டியிருந்தன. அம்மா கல்லடுப்பு மூட்டிச் சுடச்சுட ரொட்டியும் கட்டைச்சம்பலும் செய்து நீட்டினார். அங்கிள் ரொட்டியை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு ஓடைப் பக்கம் நடந்துபோனார்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "பாத்தியோ? நேற்று ஏதோ மரியாதைக்குத் தின்றவர். இண்டைக்கு என்ர கையாலை ஒண்டும் வேண்டாமாம். எனக்கு விளங்கீட்டுது. பாத்திரத்தைக் கழுவு, வெளிக்கிடுவம்."

ஷெரின் என்னை மரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள். "அப்பா இப்படி இருந்ததே இல்ல. வானுக்குள்ள என்ன நடந்தது? குறட்டை விட்டியா? கால் போட்டியா?"

"எனக்குத் தெரியாது! நான் நித்திரை!"

"அதுதான் கேக்கிறேன்!"

நான் மெல்ல அங்கிளைப் பின்தொடர்ந்தேன். அவர் குனிந்த தலையோடு கரையோரம் மேலும் கீழும் நடந்தார். சில இடங்களில் நின்று தண்ணீரை உற்றுப் பார்த்தார். குச்சியால் சேற்றைக் கிளறினார். அப்போதுதான் என் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. (எரிந்தது விளக்கு அல்ல, ஃபியூஸ் என்பது பிறகுதான் தெரிந்தது.) மனிதர் உயிர்ச்சுவடு தேடுகிறார்! கிடைக்கவில்லை, அதனால்தான் இந்த மனத்தாங்கல். நான் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் நேற்றைய கம்பி விவகாரமும் மறந்துபோகும், கல்யாணமும் நடக்கும்.

காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினேன். அந்த நேரம் ஒரு பாடசாலைச் சுற்றுலா வந்து சேர்ந்தது. பிள்ளைகள் கூட்டமாகத் தண்ணீருக்குள் ஓடி இறங்கிச் சேற்றை மிதித்துக் கலக்கினார்கள். அவர்கள் கரையேறிய பிறகு நான் தொடர்ந்து தேடினேன். அட்டைகள் என் காலில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தன. நான் கவனிக்கவில்லை. ஏனென்றால் ஒரு களிமண் கட்டியில், வரிசையாக, பற்கள் தெரிந்தன.

நாலு பற்கள். தாடையோடு.

கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. ஷெரின் சொல்வது, "அங்கிள்! கிடைச்சிட்டுது! கலியாணம்!" என்று.

கண்டெடுத்த எதையும் கழுவக்கூடாது, உடைக்கக்கூடாது, உத்தியோகத்தரிடம் அறிவிக்க வேண்டும் என்று பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அதன்படியே கட்டியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு கரையில் நின்றேன். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஆசிரியை அவர்களை வரிசையாக உட்காரவைத்தார். உத்தியோகத்தர் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று நான் ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். "பிள்ளைகளே, இது அநேகமாக ஒரு நீர்யானைக் குட்டி. பற்களின் வெண்மையைப் பாருங்கள். இலை தழை மட்டும் சாப்பிட்டதால் வந்த வெண்மை."

கூட்டத்துக்குப் பின்னால் சேவியர் அங்கிள் நின்றார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால் எனக்கு ஏதோ சைகை காட்டினார். தலையை ஆட்டினார். "அழு... அழு எந்தா..." என்று ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது. மனிதர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். நானும் கலங்கினேன்.

உத்தியோகத்தர் வந்தார். இளம் சிங்களப் பெண். தட்டு, தூரிகை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் கொண்டுவந்தார். என்னைப் பாராட்டிவிட்டு, கட்டியைத் தட்டில் வைத்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார். மண் கரைந்தது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

தாடை இளஞ்சிவப்பாக இருந்தது. ஓரத்தில் ஒரு வெள்ளிக் கம்பி மினுங்கியது.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் சிங்களத்தில் மிக மரியாதையாகச் சொன்னது இதுதான்: "சேர், இந்த மிருகம் பல் டொக்டரிட்டப் போயிருக்குப் போல."

முதலில் சிரித்தது ஆசிரியை. பிறகு அந்த ஓடைக்கரையே சிரித்தது. அந்தக் கணத்தில் நானே மண்ணுக்குள் போய், இன்னும் பல்லாயிரம் வருடம் கழித்து யாராவது தோண்டி எடுத்தால் போதும் என்று இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சேவியர் அங்கிள் முன்னால் வந்தார். தட்டில் இருந்ததை எடுத்தார். போத்தல் தண்ணீரில் நன்றாகக் கழுவினார். எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றார். திரும்பியபோது நேற்றைய சேவியர் அங்கிள், வரிசையான வெள்ளைப் பற்களோடு.

நேராக அம்மாவிடம் போனார்.

"அக்கா, காலைல சுட்ட ரொட்டி மிச்சம் இருக்கா? பசியில உயிர் போகுது."

அம்மா அவரைப் பார்த்தார். அவருடைய வாயைப் பார்த்தார். என் கையில் இருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த பாறையில் அப்படியே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். முந்தானையால் வாயை மூடவும் மறந்துவிட்டார்.

கதை பிறகுதான் வெளிவந்தது. ஷெரின் பிறப்பதற்கு முன்பே, துறைமுகத்தில் அறுந்த கயிறு ஒன்று அடித்து அங்கிளின் முன்பற்கள் நாலும் போயிருந்தன. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது, மகளுக்குக்கூட. இரவு பக்கத்தில் நான் படுத்திருந்ததால் கழற்றிக் கழுவ முடியவில்லை. விடிய ஓடையில் கழுவும்போது வழுக்கிப் போய்விட்டது. கூட்டத்துக்குப் பின்னால் நின்று அவர் எனக்குச் சொல்லப் பார்த்தது "அது என்ட" என்றுதான்.

"எனக்கும் பின்பக்கம் ரெண்டு கட்டினதுதான்" என்று அம்மா மெதுவாகச் சொன்னார். எனக்கு அதுவும் அன்றுதான் தெரியும்.

அதன் பிறகு அவர்களைப் பிரிக்க முடியவில்லை. திரும்பும்போது இருவரும் பின்சீட்டில் அடுத்தடுத்து உட்கார்ந்து எந்தப் பல் வைத்தியர் நல்லவர், எது மெல்ல முடியும், எது முடியாது என்று பேசிக்கொண்டே வந்தார்கள். அவிசாவளை தாண்டியபோது பேச்சு பல்லில் இருந்து பலகாரத்துக்கு வந்தது. பலகாரத்தில் இருந்து கல்யாண மண்டபத்துக்கு வந்தது. கோயிலில் தாலி, தேவாலயத்தில் ஆசீர்வாதம் என்று கொழும்பு எல்லைக்குள் நுழையும்போது எல்லாம் முடிவாகிவிட்டது. எங்கள் இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வானில் இருந்து இறங்கும்போது நான் துணிந்து உண்மையைச் சொன்னேன். "அங்கிள், எனக்குக் கூடாரம் அடிக்கவே தெரியாது."

"அது நேற்றே தெரியும் தம்பி. என்ட வாயில பொய்ப் பல்ல வச்சிக்கொண்டு ஒங்கட பொய்ய நான் எப்படிக் கேக்கிறது?" என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "இனி அங்கிள் இல்ல, மாமா" என்றார்.

கல்யாணம் ஆகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மாமா தன் பல்லை இப்போது மறைப்பதே இல்லை. அதுதான் எனக்கு வந்த வினை. கொச்சிக்கடையில் ஞானஸ்நானமோ பிறந்தநாளோ, எந்த விருந்துக்குப் போனாலும் என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, "இவர்தான் என்ட மருமகன். என்ட பல்ல எடுத்தவர்!" என்று அறிமுகப்படுத்துவார். தெரிந்தவர்கள் கண்ணீர் வரச் சிரிப்பார்கள். தெரியாதவர்கள் என்னைப் பல் டொக்டர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன மாதம்கூட ஒரு விருந்தில், முன்பின் தெரியாத ஒரு அன்ரி சாப்பாட்டுத் தட்டோடு என்னை மூலைக்குக் கூட்டிப்போய், "டொக்டர், இந்தக் கடைவாய்ப் பல்ல ஒருக்காப் பாருங்களேன்" என்று வாயைத் திறந்தார். ஆரம்பத்தில் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்புவதில்லை, தன்னடக்கம் என்று நினைக்கிறார்கள். இப்போதெல்லாம் ஃபோன் வெளிச்சத்தை அடித்து உள்ளே பார்த்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்கிறேன். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.