சின்ன போனே போதும்னாரு மாஸ்டர்

"இந்தத் தடவை வீட்டுல முடிவெடுக்கப் போறது நான்தான்!"

டெய்லர் மாஸ்டர் இப்படி சபதம் போட்டது யாரு முன்னாடின்னு கேக்குறீங்களா? தையல் மெஷின் முன்னாடி. அந்த வீட்டுல அவரை எதிர்த்துப் பேசாத ஒரே ஜீவன் அதுதான். அதுவும் மூடு சரியில்லாத அன்னைக்கு நூலை அறுத்துக் காட்டும்.

முந்தாநாள் ஒரு சட்டையை இஸ்திரி போட்டாரு. நல்லா அழுத்தி, ஆவி பறக்கத் தேய்ச்சாரு. சட்டைக்கு அடியில அவரோட போன் கிடந்துச்சு. சட்டை பிழைச்சுக்கிச்சு, போன் போய்ச் சேர்ந்துருச்சு. புதுசு வாங்கியே ஆகணும். அவரு மனசுல வச்சிருந்த மாடல் ரெண்டு சைஸ்ல வருது, சின்னது, பெருசு. உள்ள இருக்கிற சமாச்சாரம் ரெண்டுலயும் ஒண்ணேதான்.

மாஸ்டருக்குப் பெருசுதான் வேணும். ஏன்? கண்ணு தெரியல, அவ்வளவுதான்! கஸ்டமருங்க எல்லாம் இப்ப அளவை மெசேஜ்லதான் அனுப்புறாங்க. பேங்க் மேனேஜரு இடுப்பு முப்பத்தெட்டுன்னு அனுப்பினாரு. இவரு முப்பத்திமூணுன்னு படிச்சு பேண்ட்டைத் தைச்சுட்டாரு. அந்த மனுஷன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பட்டனோட மல்லுக்கட்டுறப்போ, "என்ன சார், ஒரே வாரத்துல இப்படி ஊதிட்டீங்க?"ன்னு கேட்டாரு பாருங்க, என்ன நெஞ்சழுத்தம்! பாவம், மேனேஜரு அன்னையில இருந்து பாதி வயிறு சாப்பிட்டுக்கிட்டு, காலங்காத்தால தெருத்தெருவா ஓடிக்கிட்டு இருக்காரு.

கண்ணாடி போட்டுத் தொலைய வேண்டியதுதானே? மாட்டாரு! எதிர்க்கடையில இன்னொரு டெய்லர் இருக்காரு, தடிதடியா கண்ணாடி போட்டவரு. அவருக்கு 'சோடாபுட்டி'ன்னு பேரு வச்சதே நம்ம மாஸ்டர்தான். தெரு பூரா அதைப் பரப்பினதும் இவருதான். "யோவ் சோடாபுட்டி! என் கடை போர்டு தெரியுதா, இல்ல படிச்சுக் காட்டவா?"ன்னு ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து கத்துவாரு. இப்ப இவரே கண்ணாடியை மாட்டிக்கிட்டு உக்காந்தா, அந்தாளு சும்மா விடுவாரா? துணி கிழிஞ்சா தைக்கலாம், மானம் கிழிஞ்சா? அதனாலதான் பெரிய போன். எழுத்தைப் பெருசாக்கிக்கிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது.

சரி, அதைப் பொண்டாட்டிகிட்ட நேராவே கேக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. மாஸ்டர் அவ்வளவு சாதாரண மூளைக்காரரா? அவரு நீலம்னா அந்தம்மா பச்சைம்பாங்க. ஜன்னலைத் திறக்கச் சொன்னா கதவையும் சேர்த்து மூடுவாங்க. அப்போ சின்னது வேணும்னு கேட்டா? பெருசு தானா வீடு தேடி வரும்! தன்னையே தட்டிக் குடுத்துக்கிட்டு, கடைக்கு மேல மாடியில இருக்கிற வீட்டுக்கு ஏறினாரு.

வீட்டுக்காரம்மா பட்டன் தைச்சுக்கிட்டு இருந்தாங்க.

"இதோ பாரு, முடிவு பண்ணிட்டேன். எனக்குச் சின்ன போன்தான்."

"ம்."

"பெருசு வேணவே வேணாம்."

"சரிங்க."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சரியா? இந்த வாயில இருந்தா?

"என்ன சரி? ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"சொல்லுங்க, ஏன்?"

"பெருசு கனம். கை வலிக்கும்."

"பின்ன? கத்திரிக்கோல் பிடிச்சே தேஞ்ச கை."

"சட்டை ஜேபியில நிக்காது. குனிஞ்சா விழுந்துரும்."

"நாள் பூரா குனிஞ்சே வேலை செய்யிறவரு, வேற என்ன பண்ணுவீங்க."

"ஏய், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நியாயமாப் பேசுறீங்க. அதையும் எதிர்க்கணுமா?"

மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளல. எந்திரிச்சாரு, உக்காந்தாரு, கழுத்துல கிடந்த இஞ்ச் டேப்பைச் சுருட்டினாரு, பிரிச்சாரு, மறுபடி சுருட்டினாரு. கடைசியா ஒரு தூண்டில் போட்டுப் பாத்தாரு.

"ஆனா ஒண்ணு... சின்னதுல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்குமாம்."

"இருக்கட்டுமே! உங்களுக்குத்தான் கழுகுக் கண்ணாச்சே? எதிர்க்கடைக்காரரை அப்படித்தானே மட்டம் தட்டுறீங்க?"

"ஆ... ஆமாமா. கழுகேதான்."

கழுகு படி இறங்குறப்போ கடைசிப் படி தெரியாம தடுமாறுச்சு.

போன் கடைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போனாங்க. அங்க ஒரு பொண்ணு ரெண்டு சைஸையும் எடுத்து மேஜையில வச்சுச்சு. மாஸ்டரோட விரல் தானாவே பெருசு பக்கம் நகர்ந்துச்சு.

"அதை எதுக்குங்க தடவுறீங்க? வேணாம்னீங்களே."

"தூசி. தட்டிவிட்டேன்."

"அக்கா, உங்களுக்கும் பாக்கணுமா?"ன்னுச்சு கடைப் பொண்ணு.

"ஆமாம்மா, என்னோடதும் பழசாயிருச்சு. அந்தப் பெருசை எனக்குக் காட்டு."

"பெருசா!" மாஸ்டர் அலறிட்டாரு. "கை வலிக்கும்! ஜேபியில நிக்காது!"

"எனக்கு ஏதுங்க ஜேபி? பைக்குள்ள போட்டுக்குவேன். நீங்க உங்களோடதைப் பாருங்க. எழுத்து தெரியுதா?"

கடைப் பொண்ணு, வீட்டுக்காரம்மா, பின்னாடி சார்ஜர் வாங்க வந்த ஆளு, எல்லாரும் இவரையே பாக்குறாங்க. இந்த இடத்துல தெரியலைன்னு சொன்னா கதை கந்தல். மேஜையில கைக்கு வந்த சின்ன போனை எடுத்தாரு. ஒரு கண்ணைச் சுருக்கினாரு. இன்னொண்ணையும் சுருக்கினாரு. கையை முழம் போடுற மாதிரி தூரமா நீட்டினாரு. ஏதோ கலர் கலரா மங்கலா இருந்துச்சு.

"அடடா, என்ன தெளிவு! அப்படியே கண்ணாடி மாதிரி! எழுத்தெல்லாம் எப்படி வழுக்கிட்டுப் போகுது பாரு!" விரலால மேலயும் கீழயும் தள்ளிக் காட்டினாரு. ஒரு பக்கத்தைப் புரட்டி, ரசிச்சுச் சிரிக்க வேற செஞ்சாரு.

கடைப் பொண்ணு தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு. "சார்... அது டம்மி பீஸ் சார். பார்வைக்கு வச்சிருக்கோம். அதுல இருக்கிறது காகிதத்துல அச்சடிச்ச படம்."

சார்ஜர்காரருக்குப் புரை ஏறிக்கிச்சு.

"தெரியும்மா! படத்தை நல்லா ஒட்டியிருக்கீங்கன்னு சொல்ல வந்தேன்."

வீட்டுக்காரம்மா சிரிக்கல. அதுதான் பயமா இருந்துச்சு. அவரு கையைப் பிடிச்சு ஓரமா கூட்டிட்டுப் போனாங்க.

"தினமும் காலையில கடை திறக்கிறீங்களே, எல்லா ஊசியிலயும் நூல் கோத்து இருக்கே, யாரு கோக்குறாங்க?"

"நான்தான். முந்தின நாள் சாயங்காலமே..."

"நீங்க சாயங்காலம் பூரா காத்துல நூலைக் கோக்குறீங்க. அப்புறம் எரிச்சல்ல எந்திரிச்சு வந்துடுறீங்க. நான் இறங்கிப்போய் கோத்து வச்சுட்டு வர்றேன்."

மாஸ்டர் எல்லாத்தையும் போட்டு உடைச்சாரு. "சரி! தெரியல! அதான் பெருசு கேட்டேன்!"

"நீங்க எங்க பெருசு கேட்டீங்க?"

"கேக்கத்தான் நினைச்சேன்! அதை எனக்கு வாங்கிக் குடு, என் மானம் தப்பிக்கட்டும்."

"போன்ல எழுத்து பெருசாகும். துணியில தையல் பெருசாகுமா? அந்த மேனேஜரு நேத்து ஓடுறப்போ நம்ம வாசல்லயே தலை சுத்தி உக்காந்துட்டாரு. உங்க மானத்துக்காக ஊரே பட்டினி கிடக்கணுமா? வாங்க பேசாம."

பக்கத்துக் கட்டடமே கண்ணாடிக் கடை. வரிசையா எழுத்து காட்டுனாங்க, மாஸ்டர் முதல் வரிசையிலயே கவுந்தாரு. கடைக்காரரு இவரை ஒரு வார்த்தை கேக்காம, உள்ள போய் ஒரு ஃப்ரேமை எடுத்துட்டு வந்து லென்ஸ் மாட்டக் குடுத்துட்டாரு. சாயங்காலத்துக்குள்ள ரெடி. மாஸ்டர் ஜேபியில சின்ன போன், மூக்குல கண்ணாடி. வீட்டுக்காரம்மா கையில பெரிய போன், தகதகன்னு.

மறுநாள் காலையில மாஸ்டர் கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கினாரு. மெஷினுக்குப் பின்னாடி தலையைக் கவுத்துக்கிட்டாரு. சோடாபுட்டி என்ன சொன்னா என்ன திருப்பிச் சொல்றதுன்னு மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே இருந்தாரு. இது படிக்கிறதுக்கு மட்டும்னு சொல்லலாமா? தூசிக்காகப் போட்டதுன்னு சொல்லலாமா? கால் தானா பெடலை மிதிக்குது, ஊசி வெறும் காத்தைத் தைக்குது.

வாசல்ல நிழல் விழுந்துச்சு. சோடாபுட்டி ரோட்டைத் தாண்டி வந்து, ஷட்டருக்கு அடியில குனிஞ்சு உள்ளயே வந்துட்டாரு. மாஸ்டர் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு, இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. மாஸ்டர் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காத்திருந்தாரு.

"கச்சிதமா உக்காந்திருக்கு மாஸ்டர்," அப்படின்னாரு சோடாபுட்டி. "போன வாரமே உங்க வீட்டுக்காரம்மா என்னைக் கூட்டிட்டுப் போய், நம்ம ரெண்டு பேருக்கும் மூஞ்சி ஒரே அளவுன்னு, என் மூஞ்சியில மாட்டிப் பாத்துத்தான் இந்த ஃப்ரேமை எடுத்து வச்சாங்க."