மடியம்மாவின் மஞ்சள் துண்டு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், லிஃப்ட் வேலை செய்யாத தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் மடியம்மா எழுந்தருளியிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் அந்தப் படிக்கட்டில் பெண்கள் கைப்பிடிச்சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். வயது நாற்பத்தைந்துக்கு மேல், முழங்காலில் வலி, கையில் தேங்காய். பக்கத்துத் தெருவிலேயே நல்ல லிஃப்டோடு ஒரு வைத்திய நிலையம் இருந்தது. ஆனால் அங்கே போவதென்றால் இவர்களுக்குக் கால் உளையும்.

மடியம்மாவின் சித்தாந்தம் எளிமையானது. மாதாமாதம் வருவது நின்றால் அது எங்கே போகிறது? உள்ளே தேங்குகிறது. கணக்கில்லாமல் வருகிறதா? தேக்கம். வருவதே இல்லையா? அதுவும் தேக்கம். நின்று பல வருடம் கழித்துத் திரும்ப வந்துவிட்டதா? தேக்கம் உடைகிறது, அம்மனுக்கு ஒரு அர்ச்சனை செய். எந்தக் கேள்விக்கும் ஒரே விடை வைத்திருப்பவரை ஊர் ஞானி என்று சொல்லுமே தவிர, வேறு விடை தெரியாதவர் என்று சொல்லாது.

வைத்தியமும் அப்படித்தான். பாயில் படுக்க வேண்டும். வயிற்றின்மேல் மஞ்சள் தோய்த்த துண்டொன்றை விரிப்பார். செம்பிலிருந்து தீர்த்தம் தெளிப்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே துண்டில் இரத்தச் சிவப்பாகப் பூப்பூவாய்ப் படரும். "கெட்ட இரத்தம் ஏறுது பாருங்கோ!" என்பார் மடியம்மா. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கனடாவில் இருப்பவர்களுக்கு வீடியோ கோலில் பார்ப்பதும் உண்டு. அப்போது துண்டைக் கைபேசியின்மேல் விரிப்பார். கைபேசிக்கும் சிவக்கும். கைபேசிக்கு எப்போது கர்ப்பப்பை வந்தது என்று ரொறன்ரோவில் ஒருவரும் கேட்கவில்லை, வெள்ளவத்தையிலும் கேட்கவில்லை.

நிபந்தனை ஒன்றே ஒன்று. டொக்டரிடம் போகக் கூடாது. ஸ்கான் பட்டால் அம்மன் விலகிவிடுவாள்.

ஜெகதீஸ்வரி அங்கே போகத் தொடங்கியதுதான் வேடிக்கை. அவர் காப்புறுதிக் கம்பனியொன்றில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களை நம்பாமலிருப்பதற்கென்றே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவர். எரிந்த கடையின் சாம்பலைக் கிளறி, "இது போன மாசச் சாம்பல்" என்று சொல்லக்கூடியவர். ஐம்பத்தொரு வயதில் அவருக்கு மாதவிலக்கு நின்றது. அப்பாடா என்றிருந்தார். ஐம்பத்தெட்டாவது வயதில், ஆடிமாதத்துக் காலையொன்றில், வீட்டில் உடுத்தும் ஹவுஸ்கோட்டில் சிறு சிவப்புக் கறை.

அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு வாயில் சொல் இல்லை. வீட்டில் அதற்கு இருந்த ஒரே பெயர் 'சுகமில்லை'. இந்த வயதில் 'சுகமில்லை' என்றால் கணவர் பனடோல் மாத்திரை எடுத்துத் தருவார்.

மடியம்மாவிடம் சொல்லே தேவைப்படவில்லை. அங்கே வருகிறவர்கள் வெட்கத்துக்காக முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு படுப்பது வழக்கம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், துண்டு பேசிக்கொள்ளும். அந்த வியாபாரத்தின் மூலதனம் அதுதான். மஞ்சளோ தீர்த்தமோ அல்ல, பெண்களின் மௌனம். அதை அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மூன்று தரம் போனார். கறை குறையவில்லை, கூடியது.

"கூடினால் நல்லது பிள்ளை, கழியுது," என்றார் மடியம்மா. "இன்னும் ஒரு அஞ்சாறு தரம் வாரும்."

அந்தச் சனிக்கிழமை பாமன்கடையில் ஜெஸீமா வீட்டில் மதியச் சாப்பாடு. ஜெஸீமா கம்பனியில் பக்கத்து மேசைக்காரி, இருபது வருடத்துச் சிநேகிதி. கறிக்கோப்பை சரிந்து மேசைவிரிப்பில் மஞ்சள் குளம் கட்டியது. விரிப்பை இழுத்துக்கொண்டு குசினிக்குப் போன ஜெஸீமா, குழாயடியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாகியது.

ஜெகதீஸ்வரி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனை ஆயிரம் தரம் கண்ட காட்சி! கறி பட்ட சேலைக்குச் சவர்க்காரம் போட்டால் சிவக்கும் என்று தெரியாத பெண் இந்தக் கொழும்பில் இருக்கிறாளா? வீட்டுக் குழாயடியில் கண்டால் கறை. மூன்றாம் மாடியில் கண்டால் அற்புதம்.

"என்ன புள்ள, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் ஜெஸீமா.

 ஓடும் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஜெகதீஸ்வரி எல்லாவற்றையும் சொன்னார்.

ஜெஸீமா குழாயைப் பூட்டினாள். "ஏழு வருஷத்துக்குப் பொறகு வந்திச்சா? வந்ததும் துண்டு போட்டுக்கொண்டு படுத்தீங்களா? அல்லாஹ்வே! எங்கட மூத்த ராத்தாவும் இப்பிடித்தான் மறச்சா. அவக்கு இருந்தது என்னண்டு ஜனாஸா அடக்கினதுக்குப் பொறகுதான் நாங்க தெரிஞ்சிக்கிட்டம். நாளைக்கே டொக்டர்ட போகோணும்."

"ஸ்கான் பட்டால் அம்மன் விலகுவாளாம்..."

"வெலகட்டுமே. ஒங்களுக்கு இன்னும் அந்தத் துண்டுல நம்பிக்க ஈக்கிதா?"

ஜெகதீஸ்வரி சிவந்த விரிப்பைப் பார்த்தார். சேலையில் சிவப்பது வேறு, வயிற்றின்மேல் சிவப்பது வேறாக இருந்துவிட்டால்? பயம் படித்தவர்களிடம் இன்னும் நன்றாக வாதாடும்.

"பொய்யெண்டு என்ரை கண்ணாலை கண்டால் வாறன்," என்றார் கடைசியில்.

"வாக்கு?"

"வாக்கு."

"அப்ப கர்ப்பப்பையே இல்லாத வயித்துல அந்தத் துண்டப் போட்டுப் பாப்பம்."

"அப்பிடி வயிறு ஆருக்கு இருக்கு?"

"ஏன், ஒங்கட வீட்டுல ஒண்டு பென்ஷன் எடுத்துக்கொண்டு சும்மாதானே ஈக்கிது?"

கணவர் நவரத்தினம் நில அளவைத் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அன்று பின்னேரம் பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தில் இருந்தார். ஜெகதீஸ்வரி தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கறையையும், துண்டையும், ஜெஸீமாவின் திட்டத்தையும் சொன்னார். முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அந்தச் சொற்கள் அந்த விறாந்தையில் முதற்தடவையாக ஒலித்தன.

அவர் பத்திரிகையை மடித்தார். இன்னொரு தரம் மடித்தார். அதற்குமேல் மடிக்க முடியவில்லை.

"எப்பத் தொடக்கம்?"

"ஆடியிலயிருந்து."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்தது.  அவர் தொண்டையைச் செருமினார்.

"உம்மடை ஹவுஸ்கோட் எனக்குக் கொள்ளுமோ?"

"மீசை?"

"மீசையை எடுக்கமாட்டன். முகத்தை மூடித்தானே படுக்கிறது?"

செவ்வாய்க்கிழமை. பூப்போட்ட ஹவுஸ்கோட்டில், தலையிலிருந்து நெஞ்சுவரை சேலைத்துண்டால் மூடிய ஒரு பெரிய உருவத்தை ஜெஸீமா கையைப் பிடித்து மூன்று மாடி ஏற்றினாள். வழிவிட்ட பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். "பாவம், வயிறு நல்லா வீங்கிப்போச்சு," என்றாள் ஒருத்தி. மருதானையில் பாதணிக் கடை வைத்திருக்கும் றமீலா தன் டோக்கனைக்கூட விட்டுக்கொடுத்தாள். நாற்பத்தாறு வயது அவளுக்கு. இரண்டு மாதம் வராமல், மூன்றாம் மாதம் இரண்டு தரம் வந்து கலங்கிப்போயிருந்தாள்.

ஜெகதீஸ்வரி சுவரோரம் இருந்தார். 

உருவம் பாயில் சாய்ந்தது. மடியம்மா கண்ணை மூடி, வயிற்றில் இரண்டு விரலால் அழுத்தினார்.

"மூண்டு பெத்த மடி," என்றார்.

உருவம் இலேசாகக் குலுங்கியது.

"அழாதையும் பிள்ளை. நிண்டு எத்தினை வருஷம்?"

"நிண்டதா?" என்றாள் ஜெஸீமா, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. "இவங்களுக்கு ஒரு நாளும் வந்ததே இல்ல அம்மா."

கூட்டம் 'ஐயோ' என்றது. மடியம்மா ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"அதுதான் சொல்லுறன்! வராமலே தேங்கின இரத்தம்தான் பொல்லாதது. கர்ப்பப்பை பூசணிக்காய் மாதிரி கிடக்கு. நல்ல வேளை என்னட்டைக் கொண்டு வந்தனீங்கள்."

துண்டு விரிந்தது. தீர்த்தம் விழுந்தது. மஞ்சளில் சிவப்புப் பூத்தது, முன் எவருக்கும் பூக்காத அளவுக்கு. வயிறு அவ்வளவு அகலம்.

"பாருங்கோ! அறுபது வருஷக் கெட்ட இரத்தம்!"

நவரத்தினம் முகத்திலிருந்த சேலையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். மீசையை ஒருதரம் தடவிவிட்டுக்கொண்டார்.

"அம்மா," என்றார், மிகப் பணிவாக. "எனக்கு இது எந்த வயதிலை நிக்கும்?"

 பின்வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மடியம்மாவின் முகத்தில் ஏதேதோ நிறங்கள் வந்து போயின, அதற்குத் தீர்த்தம் தேவைப்படவில்லை. ஆனால் தொழில்காரி தொழில்காரிதான்.

"போன பிறவியிலை இவர் பொம்பிளை!" என்று கத்தினார். "அந்த மடிதான் கூடவே வந்திருக்கு!"

இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியும்விட்டார்கள்.

அப்போதுதான் ஜெகதீஸ்வரி எழுந்தார். மூலையில் இன்னும் யார் வயிற்றிலும் படாத மஞ்சள் துண்டுகள் அடுக்கியிருந்தன. செம்பை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை அவற்றின்மேல் கவிழ்த்தார். அடுக்கு முழுவதும் சிவந்தது. செம்பின் அடியில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு வண்டல் தெரிந்தது. அதைக் கூட்டத்துக்கு நேரே பிடித்தார்.

"வெத்திலைக் கடைச் சுண்ணாம்பு," என்றார், எரிந்த கடைச் சாம்பலைக் கிளறும் அதே குரலில். "சொல்லுங்கோ அம்மா, இந்தத் துண்டுகள் எல்லாம் எப்ப பெரிய பிள்ளையாகிச் சாமத்தியப்பட்டது?"

முதலில் றமீலாதான் வெடித்துச் சிரித்தாள். பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் டெய்லி சவர்க்காரம் போட்டுக் கழுவுறனே, ராத்தா. ஒருநாளும் யோசிக்கல்லையே."

"அடுத்தவங்க யோசிப்பாங்கண்டு விட்டதுதான்," என்றாள் ஜெஸீமா. "வாங்க, நீங்களும் வாங்க."

அன்றே போனார்கள், லிஃப்ட் உள்ள இடத்துக்கு. நவரத்தினம் ஹவுஸ்கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காற்சட்டையோடு, பெண்கள் பகுதியின் நடுக்கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. "றமீலா, நாற்பதுகளிலை இது குழம்பிறது வழமை. கடை பூட்டிற நேரம் ஷட்டர் ஏறும், இறங்கும். ஆனால் கட்டி கட்டியாப் போனாலோ, இடையிலை சும்மா கறை பட்டாலோ உடனை காட்டவேணும். ஒரு வருஷம் முழுக்க ஒண்டும் வராட்டித்தான் கடை பூட்டியாச்செண்டு அர்த்தம்." பிறகு ஜெகதீஸ்வரியின் பக்கம் திரும்பினார். "பூட்டின கடைக்குள்ளை லைட் எரிஞ்சால், ஆரெண்டு போய்ப் பாக்கத்தானே வேணும் அன்ரி? பெரும்பாலும் சின்ன விஷயமா இருக்கும். சிலவேளை கான்சர். ஒரு சொட்டெண்டாலும் பாக்கவேணும்."

பார்த்தார்கள். கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருந்தது. சிறு துணுக்கெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து வந்த முடிவில் உயிர்க்கலங்கள் தடம் மாறத் தொடங்கியிருந்தன, இன்னும் புற்றாகவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், முழுதாகச் சுகம் வரும் என்றார் டொக்டர். "இன்னும் ஒரு வருஷம் துண்டோடை படுத்திருந்தால் வேறை கதை கதைச்சிருப்பம்."

ஜெகதீஸ்வரி வெளியே வந்து கதிரையில் இருந்தார். நவரத்தினம் பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு, பழக்கமில்லாத வேலையைத் தொடங்குகிறவர் போல, "சொல்லும்," என்றார். ஜெகதீஸ்வரி சொன்னார். முழுவதையும், சரியான சொற்களில், குரலைத் தாழ்த்தாமல்.

மடியம்மா அம்பலப்பட்ட அந்த வாரமே வீட்டைக் காலிசெய்தார். இப்போது கொட்டாஞ்சேனையில் முழங்கால் வாதத்தைத் துண்டால் இழுக்கிறாராம். அன்று மூன்றாம் மாடியில் விழுந்து விழுந்து சிரித்தவர்களில் ஒருத்தி போன வாரம் ஜெகதீஸ்வரிக்குக் கோல் எடுத்தாள், புது விலாசம் தெரியுமா என்று கேட்க.

நாங்கள் விசித்திரமான சனம். அது முதன்முதல் வரும்போது மண்டபம் பிடிக்கிறோம், ட்ரோன் பறக்கவிடுகிறோம், மகளின் படத்தை ஆளுயரத்துக்கு அடித்து வாசலில் நிறுத்தி ஊருக்கே சொல்கிறோம். அதே இரத்தம் நின்றபின் திரும்பி வந்து உயிருக்கு ஆபத்தென்று கதவைத் தட்டும்போது, டொக்டருக்குச் சொல்ல வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொள்கிறோம். மூடுவதென்றால் மூடுங்கள். உள்ளே இருக்கும் மூளைக்கு மட்டும் இன்னும் மாதவிடாய் நிற்கவில்லை, அதை ஓய்வுக்கு அனுப்பிவிடாதீர்கள்.