நாலு மணி டீ

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் என் மனைவியின் தம்பி உத்திராபதி. என் மனைவி பூவம்மாள் அவனுக்கு அடுத்துத்தான்.

எங்கேயோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டன. கப்பல் வரவில்லை. கேஸ் சிலிண்டரும் வரவில்லை. முதுநகரில் எங்கள் வீட்டில் பூவம்மாள் சட்டம் போட்டாள்.

"சோறு, கொழம்பு ஒரே வேளதான். காலையில ஒரு டீ. நாலு மணி டீ கெடையாது."

"டீ இல்லாம எப்புடிடி வலை பின்றது?"

"சண்ட போடுறவன்கிட்ட போய்க் கேளு மாமா."

நான் ரோஷக்காரன். சண்டை முடியும்வரை நாலு மணிக்கு டீ குடித்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். உத்திராபதியிடம் மட்டும் சொன்னேன். படகு கட்டும் இடத்துக்குப் பின்னால் மூன்று கல் வைத்துக் கொடுத்தான். உடைந்த படகுப் பலகையைப் பிளந்து எரித்தோம். அந்த டீ தொண்டையில் இறங்கியபோது, சண்டை போடுகிறவர்களைக்கூட மன்னித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பூவம்மாள் என் துண்டை மோந்து பார்த்தாள்.

"எந்தப் படகக் கொளுத்துன?"

"கொசுவுக்குப் பொகை போட்டோம்."

"கொசுவுக்கு மீன் எண்ணெ பூசுன பலகையா? நான் படகுக்காரன் பொண்ணு மாமா."

திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும்.

"இவ்ளோ நல்லா அடுப்பு மூட்டுறியே! நாளையிலேர்ந்து சோறும் அங்கயே ஆக்கு. கொழம்பு கூட்டி நான் குடுத்தனுப்புறேன்."

ஆக்கினேன். அந்த அடுப்புக்குத் தெருவே சட்டி தூக்கிக்கொண்டு வந்தது. விறகில் கொதித்த மத்திக் குழம்புக்கு ஈடில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் பேய்மழை. கல்லடுப்பு முழுகிவிட்டது. வீட்டு சிலிண்டர் தீர்ந்து நாளாகியிருந்தது. அன்றைக்கென்று எங்கள் மகள் கயல்விழி, சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையோடு வந்து இறங்கினாள்.

"புள்ளைக்கு வெந்நி வைக்க என்னாடி பண்றது?"

"ஏந்திரி மாமா."

தினமும் நான் சாய்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் வலைக் குவியலை விலக்கினாள். உள்ளே சீல் உடைக்காத சிலிண்டர்!

"இது எப்ப வந்துது?"

"சண்ட தொடங்குன அன்னிக்கே. வேற எங்க வச்சாலும் டீ போட்டே தீத்துருப்ப. ஒன் முதுகுக்குப் பின்னால நீ தேட மாட்டியே!"

"யார் தூக்கியாந்தது?"

வாசலில் நின்ற உத்திராபதி மழையைப் பார்த்தான். "அக்காதான் தூக்கியாரச் சொன்னுச்சு மாமா. கல்லு வச்சிக் குடுக்கச் சொன்னதும் அக்காதான்."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. பேத்தி வெந்நீரில் கை கால் உதறினாள். ஒரு சிலிண்டரை என்னிடமிருந்தே காப்பாற்றியவளிடம் நாட்டையே கொடுக்கலாம்.

இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது. சிலிண்டர் வீடு தேடி வருகிறது. எனக்கு வரவேண்டிய நாலு மணி டீ மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டால், "ஒன் கைப்பக்குவம் எனக்கு வராது மாமா" என்கிறாள்.

அவளுக்கும் அவள் தம்பிக்கும் சேர்த்து நான்தான் போடுகிறேன்.