பாடாத மீட்டர்

ஸ்பீக்கர் ஒயரை மாற்றியும் சத்தம் ஏறவில்லை.

தகரக்காரர் கேசட்டை மறுபடி ஓடவிட்டார். வால்யூமைக் கடைசிவரை திருகியாகிவிட்டது. ஆம்பிளிஃபயருக்குள்ளிருந்து, கிணற்றின் அடியில் நின்று பேசுவது போல, அவர் மனைவி பேசினாள்.

"அந்தச் சனியனை அணைச்சிட்டுச் சாப்பிட வாங்க. ஆறிப்போனா மறுபடி சுட வைக்க மாட்டேன்."

கேசட்டில் இருப்பது அவ்வளவுதான். ரிப்பேருக்கு வந்த ஒரு மைக்கை அவர் சோதித்தபோது, ரெக்கார்டிங் ஓடுவது தெரியாமல் அவள் திட்டியது. போன வருடம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இந்தத் திட்டு ஒன்றுதான். அதுவும் மாதத்துக்கு மாதம் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் 'சனியன்' மங்கியது. இப்போது 'சாப்பிட'வும் போய்விட்டது. முழுக்கப் போய்விட்டால் அவளை இன்னொரு தடவை அனுப்பிவைக்க அவருக்குத் தெம்பில்லை.

தகரம் அடிக்கும் பட்டறையில் அவருக்கு இருபத்தாறு வருடம். அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். பட்டறை நேரம் போக, வீட்டில் ரேடியோ, ஆம்பிளிஃபயர் பார்ப்பார். அன்று விடுமுறை. காலையிலேயே ஆம்பிளிஃபயர் மூடியைக் கழற்றி, கருவிப் பெட்டியிலிருந்து ஒயர் சோதிக்கும் மீட்டரை எடுத்திருந்தார்.

அந்த மீட்டர் கீழே விழுந்து, எண் காட்டும் கண்ணாடி எப்போதோ கறுத்துவிட்டது. வேறு வாங்க அவர் நினைத்ததே இல்லை. நல்ல ஒயரின் இரண்டு பக்கமும் முனைகளை வைத்தால் மீட்டர் கீ என்று பாடும். அறுந்த ஒயர் என்றால் ஊமையாக இருக்கும். இத்தனை நாள் அந்தப் பாட்டை வைத்தே அவர் வேலை பார்த்தார்.

இன்றைக்கு எதுவும் பாடவில்லை.

ஒயர் பாடவில்லை என்று மாற்றினார். ஸ்விட்ச்சும் பாடவில்லை, பிடுங்கினார். ஃபியூஸும் அப்படியே. சிவப்பு விளக்கு எரிந்ததே, ஃபியூஸ் போயிருந்தால் எப்படி எரியும் என்று ஒரு கணம் யோசித்தார். சாகக் கிடக்கிற ஆள்கூடக் கடைசியில் கண் திறந்து பார்ப்பதில்லையா என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு அதையும் தூக்கிப் போட்டார். ட்ரான்சிஸ்டர்கள் மட்டும் தேறின. நல்ல ட்ரான்சிஸ்டர் எப்படி வைத்தாலும் பாடக் கூடாது, அவையும் பாடவில்லை. அந்தப் பெட்டியில் யோக்கியமாக இருந்தது அவை மட்டும்தான்.

கம்பிச் சுருள் ஒன்றைக் கழற்றும்போது ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் அதிக நேரம் நின்றுவிட்டது. பலகையில் ஒட்டியிருந்த செம்புக் கோடு தோல் போல உரிந்து வந்தது. இனி அந்தக் கிணற்றடிக் குரலுக்கும் வழியில்லை.

கழற்றியதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு உதிரிபாகக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் எப்போதும் அவரிடம் உரக்கத்தான் பேசுவார். டப்பாவைக் கிளறிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே நாள்ல செத்துச்சா? இடி விழுந்த வீட்ல கூட நாலு பேர் பொழைப்பாங்கண்ணே."

"மீட்டர் சொல்லுது."

"மீட்டருக்கு யார் சொல்றது? ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வேலை கற்ற முதல் நாளில் செய்ய வேண்டியது அது; நல்ல மீட்டர் என்றால் பாடியே தீரும். காது மடல் சூடாக, ஒரு புது பேட்டரியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

வீட்டில் உட்கார்ந்து முனைகளைச் சேர்த்துத் தொட்டார். ஊமை. போன வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். கெட்டது மீட்டர்தான். ஒயர், ஸ்விட்ச், ஃபியூஸ் எல்லாம் நல்லவை. உரிந்த கோட்டுக்கு ஒரு ஒயர்த் துண்டு போதும். அவள் குரல் எங்கேயும் போகவில்லை. சத்தம் குறைந்ததற்கு வேறு ஏதாவது சின்னக் காரணம் இருக்கும், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மீட்டருக்குப் புது பேட்டரி போட்டார். தொட்டார். ஊமை. முனைகளை உப்புத்தாளால் தேய்த்துத் தொட்டார். ஊமை. முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி மேசையில் வைத்துவிட்டு, எப்போது பாடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

தரையில் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தார். கீழ்வீட்டுப் பெண் வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாகக் கதவைத் தட்டினாளோ, கை சிவந்திருந்தது. அவள் உள்ளே வந்து அவர் பக்கத்தில் குனிந்து சொன்னாள்:

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்திருக்காரு. தெருமுனை வரைக்கும் கேக்குதே அண்ணி திட்டுறது, அதுகூட எங்களுக்குப் பழகிடுச்சு. காலையில இருந்து கீ கீன்னு கத்துற இந்தச் சனியனை மட்டும் அணைச்சிடுங்க."