வீடியோவில் இல்லாத சத்தம்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வகுப்புல ஒரு வீடியோ போடணும்.

புனே சாங்வியில பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல நான் டீச்சர். காதால கூர்ந்து கேக்கப் பழக்குறது என் பாடம். இணையத்துல தெருச் சத்தங்களா ஒரு வீடியோ கிடைச்சுது. கொஞ்சம் ஓட விட்டு நிறுத்தி, என்ன கேட்டுதுன்னு பிள்ளைங்களைக் கேக்கணும். அவ்வளவுதான்.

பிரின்சிபால் மேடம் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. இது சரிப்பட்டு வந்தாதான் இனிமே வீடியோன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. லேட்டாகிடக் கூடாதேன்னு ஸ்கூட்டியை எதிர்ப்பக்கம் நோ பார்க்கிங் போர்டுக்குக் கீழயே விட்டுட்டு ஓடி வந்திருந்தேன்.

நாய் குரைச்சுது, சொன்னாங்க. பஸ் ஹாரன், அதையும் சொன்னாங்க. மேடம் தலையாட்டினாங்க. எனக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியலை.

அப்ப ஓம்கார் கை தூக்கினான். வண்டிகளைத் தூக்கிட்டுப் போற டோயிங் வண்டி வந்திருக்குன்னான்.

வீடியோல அப்படி எதுவும் இல்லை. கவனமா கேளுப்பான்னேன்.

அவன் விடலை. மைக்ல யாரோ வண்டி நம்பர் கூப்பிடறாங்களாம். "ஸவ்வீஸ் சவ்வேசாளீஸ்"னு மராத்தியில அப்படியே திருப்பிச் சொன்னான்.

புனேயிலேயே பொறந்து வளந்தவ நான். பேச்செல்லாம் தடையில்லாம வரும். ஆனா மராத்தியில இருபதைத் தாண்டிட்டா எனக்கு எல்லா எண்ணும் ஒண்ணுதான். கற்பனை நல்லாத்தான் இருக்கு, ஆனா வீடியோல வர்றதை மட்டும் கேக்கணும்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். மேடம் பாக்கறாங்களேன்னு வீடியோ சத்தத்தை வேற கூட்டி வெச்சேன்.

கொஞ்ச நேரத்துல திரும்பவும் கை.

"டீச்சர், தூக்கிட்டாங்க. ஸ்கூட்டிதான். கண்ணாடி உடைஞ்சுது."

வெளியில வர்ற சத்தத்துக்கெல்லாம் காது குடுக்காம இருக்கறதுதான் பயிற்சியேன்னு அவனுக்கு ஒரு குட்டிப் பிரசங்கமே பண்ணினேன். மேடத்துக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வாராவாரம் வீடியோ போடுங்கன்னுட்டாங்க.

வெளிய வந்தா போர்டு இருக்கு, ஸ்கூட்டி இல்லை. நம்பரை மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். இருபத்தாறு நாப்பத்திநாலு. அதைத் தட்டுத்தடுமாறி மராத்தியில மாத்திப் பாத்தப்பதான், ஓம்கார் சொன்னதும் அதே நம்பர்தான்னு உறைச்சுது.

ஆட்டோ பிடிச்சு டிராபிக் போலீஸ் சௌக்கிக்குப் போனேன். வண்டி அங்கதான் நின்னுது, ஒரு பக்கக் கண்ணாடி இல்லாம. அவ்வளவு நேரம் மைக்ல கூப்பிட்டோமே, காதுலயே விழலையான்னு போலீஸ்காரர் கேட்டார். அப்புறம் ரசீது எழுதிக்கிட்டே, என்ன வேலை பாக்கறீங்கன்னார்.

டீச்சர்னு சொன்னேன். என்ன பாடம்னு அவர் கேக்கறதுக்குள்ள வண்டியை எடுத்துட்டேன்.